நாற்சார் வீடுகளைப் படமெடுக்கக் கெனான் 10-18 மி.மீ. லென்ஸ் போதுமா?

முற்றத்துவெயில்:

அனைவருக்கும் வணக்கம். யாழ்ப்பாணத்தின் வலிகாமத்திலும் தீவகத்திலும் எஞ்சியிருக்கும் நாற்சார் வீடுகளை (நடுமுற்றத்தைச் சுற்றி நாற்புறமும் கட்டப்பட்டவை), அவை இடிபடுவதற்கோ உருமாறுவதற்கோ முன்னர், படங்களாகப் பதிந்து வைக்கும் வேலையொன்றை நண்பர்கள் சிலருடன் சேர்ந்து செய்து வருகிறேன். என்னிடம் இருப்பவை கெனான் 750டி கமராவும் அதனுடன் வந்த 18-55 லென்ஸுந்தான். முற்றத்தின் ஒரு பக்கத்தில் முதுகு சுவரில் முட்ட நின்றாலும், எதிர்த் தாழ்வாரத்தின் தூண் வரிசை முழுவதும் படத்தில் அடங்குவதில்லை. சங்கடப்படலையை (கூரையிட்ட வாசற்படலை) எடுக்கும்போதும் இதே கதைதான். ஒழுங்கையில் பின்னால் போக இடமில்லை, எதிர்வீட்டு மதில் தடுத்துவிடுகிறது.

யாழ் நகரில் ஒருவர் தாம் பாவித்த கெனான் ஈஎஃப்-எஸ் 10-18 மி.மீ. எஃப் 4.5-5.6 ஐஎஸ் எஸ்டிஎம் லென்ஸை விற்கவிருக்கிறார். வாங்குமுன் சில நாட்கள் வைத்துப் பார்க்கவும் சம்மதித்துள்ளார். ஆனால் என் நண்பர் ஒருவர், அந்த லென்ஸ் இருட்டில் உதவாது என்றும் டோக்கினா 11-16 எஃப் 2.8 ஐயே (எஃப் எண் குறைந்தால் லென்ஸ் கூடுதல் வெளிச்சத்தை உள்ளே விடும்) வாங்க வேண்டும் என்றும் சொல்கிறார். எனக்கு முக்கியமானவை தூண்களும் கதவு நிலைகளும் தீராந்திகளும் (கூரை தாங்கும் உத்திரங்கள்) நேராகத் தெரிவதும், படத்தின் மூலைகளில்கூட ஓட்டு வரிசையை எண்ணக்கூடியதாக இருப்பதுமே. இந்த லென்ஸை எப்படி மதிப்பிடலாம் என்று அனுபவமுள்ளவர்கள் சொல்லித் தந்தால் நன்று.

சுண்ணக்கல்:

தங்கச்சி, லென்ஸின் குவியத்தூரம் குறையக் குறையக் காட்சி அகலும்; 10 மி.மீ. க்கும் 18 மி.மீ. க்கும் உள்ள வித்தியாசம் காகிதத்தில் சிறிதாகத் தெரிந்தாலும் முற்றத்துக்குள் பெரியது. 750டி இன் உணரி (படம் பதியும் சில்லு) 22.3 மி.மீ. அகலமும் 14.9 மி.மீ. உயரமும் உடையது. அதன்படி 18 மி.மீ. இல் கிடைக்கோணம் ஏறத்தாழ 63 பாகை, 10 மி.மீ. இல் 96 பாகை. நான்கு மீற்றர் தொலைவிலுள்ள எதிர்ச்சுவரில் 18 மி.மீ. ஐந்து மீற்றர் அகலத்தைத்தான் காட்டும், 10 மி.மீ. ஒன்பது மீற்றரைக் காட்டும். ஆகவே உங்கள் இப்போதைய லென்ஸ் தராதது எதுவோ, அதைத்தான் இந்த லென்ஸ் தருகிறது. இரண்டும் 18 இல் சந்திப்பதால் இடையில் வெற்றிடமும் இல்லை.

நீங்கள் கேட்ட நேர்கோடுகள் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் மூன்று வெவ்வேறு விடயங்களை ஒன்றாகப் போட்டுக் குழப்பி, எல்லாவற்றையும் லென்ஸின் குறை என்று திட்டும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது.

முதலாவது பீப்பாய் வளைவு. படத்தின் ஓரத்தை ஒட்டி ஓடும் தீராந்தி வெளிப்புறமாக வளைந்து தெரிவது இதனால். இது உண்மையில் லென்ஸின் குறைதான். இந்த 10-18 இல் 10 மி.மீ. இல் அது கண்ணுக்குத் தெரியும், 14 மி.மீ. அளவுக்கு வந்தால் பெரும்பாலும் மறைந்துவிடும். ரோ கோப்பாக (கமரா பதப்படுத்தாத மூலக் கோப்பு) எடுத்து, கெனான் இலவசமாகத் தரும் மென்பொருளில் திருத்தினால் நேராகிவிடும். விளிம்பில் சிறிதளவு இழப்பீர்கள், அவ்வளவுதான்.

இரண்டாவது, தூண்கள் உச்சியில் ஒன்றையொன்று நோக்கிச் சாய்வது. இதற்கும் லென்ஸுக்கும் தொடர்பில்லை. கமராவை அண்ணாந்து பிடித்தால் எந்த லென்ஸிலும் இது நடக்கும்; அகலக்கோணத்தில் கூடுதலாகத் துருத்தித் தெரியும். இதைத் தவிர்க்கும் வழி கமராவைச் சமமட்டத்தில் வைப்பதுதான். ஒழுங்கையின் மறுகரையில், படலையிலிருந்து மூன்று மீற்றர் தள்ளி, கமராவை நெட்டையாகத் திருப்பி, மட்டம் பார்த்து வையுங்கள். 18 மி.மீ. இல் லென்ஸின் மட்டத்துக்கு மேலே 1.9 மீற்றர் உயரமே அடங்கும், 10 மி.மீ. இல் 3.3 மீற்றர் அடங்கும். படலையின் முகடு தப்பிவிடும். படத்தின் கீழ்ப்பாதி முழுவதும் நிலமாகத்தான் வரும். அதைப் பிறகு வெட்டிவிடலாம். படப்புள்ளிகள் வீணாகின்றனவே என்று தோன்றும், ஆனால் 24 மெகாபிக்சலில் அதற்கு இடமுண்டு.

மூன்றாவது ஓர இழுவை. தூணடியில் இருக்கும் மண்குடம் படத்தின் நடுவில் குடமாகவும், இடது ஓரத்தில் படுத்த முட்டையாகவும் தெரியும். 10 மி.மீ. இல் அகலத்தின் கடைசி ஓரத்தில் உருண்டையான பொருளொன்று தன் உயரத்தைப் போல ஒன்றரை மடங்கு அகலமாகும், 18 மி.மீ. இல் இது 1.2 மடங்குக்கும் குறைவு. நேர்கோட்டை நேராகவே வரையும் எந்த லென்ஸும் இந்த விலையைக் கொடுத்துத்தான் ஆக வேண்டும், அது எத்தனை இலட்சம் ரூபா பெறுமதியானதாக இருந்தாலும். ஆகவே வீட்டுக்காரரை ஓரத்தில் நிறுத்திப் படமெடுக்காதீர்கள். பிறகு அவர் உங்களை மன்னிக்க மாட்டார்.

தேர்வடம்:

நான் டோக்கினா 11-16 பாவிப்பவன் என்பதால் மறுபக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நல்லூர்த் திருவிழாக் காலத்தில் இரவில் வீதியில் வரும் சுவாமியையும் சனத்தையும் எடுக்கும்போது எஃப் 2.8 இன் அருமை தெரியும். அகன்ற முனையில் எஃப் 4.5 உடன் ஒப்பிட்டால் ஒன்றேகால் படிக்கு மேல் வெளிச்சம் கூடுதல் (ஒரு படி என்றால் இரு மடங்கு வெளிச்சம்). நெருங்கிய முனையில் எஃப் 5.6 உடன் ஒப்பிட்டால் முழுதாக இரண்டு படி. அதாவது அங்கே ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) 6400 கேட்கும் காட்சியை நான் 1600 இல் எடுத்துவிடுவேன். 10-18 இல் உள்ள அதிர்வுத் தடுப்பு உங்கள் கையின் நடுக்கத்தை நிறுத்துமே தவிர, காவடி ஆடுபவரை நிறுத்தாது. கட்டுமானமும் டோக்கினாவில் உறுதி. கெனானின் பூட்டுவாய் பிளாஸ்ரிக்கால் ஆனது.

இருட்டறை:

தேர்வடம் தம்பி சொன்னவை எல்லாம் சரி, ஆனால் பிள்ளை எடுக்கப்போவது வீட்டை. வீடு ஆடாது. முக்காலியில் வைத்து, எஃப் 8 இல், ஷட்டரை ஒரு செக்கன் திறந்து வைத்தாலும் தூண் அசையப்போவதில்லை. ஸ்ரூடியோ வைத்திருந்த காலத்தில் மண்டபங்களையும் கோயில்களையும் நிறையவே எடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்: கட்டடம் எடுப்பவருக்கு எஃப் 2.8 பெரும்பாலும் தோளில் சுமக்கும் பாரந்தான். டோக்கினா 550 கிராமுக்கு மேல். கெனான் 240 கிராம். குறிகட்டுவானில் படகேறி நெடுந்தீவு வரை போகிறவருக்கு இந்த வித்தியாசம் தெரியும்.

இன்னொன்றும் உண்டு. நாற்சார் வீட்டின் வெளிச்சம் மிகவும் கடினமானது. நடுமுற்றத்தில் உச்சிவெயில், தாழ்வாரத்துக்கு உள்ளே அரையிருள், கூரை ஓட்டின் விளிம்புக்குப் பின்னால் வெள்ளை வானம். டோக்கினா 11-16 இன் அறியப்பட்ட பலவீனங்கள் இரண்டு: வெளிச்சம் நேராக விழும்போது படத்தில் ஒளிப்படலம் பரவுவதும், இருளும் ஒளியும் சந்திக்கும் விளிம்புகளில் நிறக்கோடு தோன்றுவதும். பிள்ளை எடுக்கும் படத்தில் அப்படிப்பட்ட விளிம்புகளைத் தவிர வேறெதுவும் இல்லை. கெனானிலும் இவை இல்லாமலில்லை, ஆனால் குறைவு.

வெயிலுக்கும் நிழலுக்கும் இடையிலான வேறுபாட்டை எந்த லென்ஸாலும் தீர்க்க முடியாது. கமராவிலேயே மூன்று படங்களை இரண்டு படி இடைவெளியில் தானாக எடுக்கும் வசதி இருக்கிறது. அதைப் பாவித்துப் பிறகு ஒன்று சேருங்கள், அல்லது முற்றத்தில் வெயில் விழாத காலை நேரத்தில் போங்கள். கமராவின் சொந்த ஃபிளாஷைத் திறக்கவே வேண்டாம். அது 18 மி.மீ. அளவுக்குத்தான் வெளிச்சம் பரப்பும், 10 இல் மூலைகள் கறுத்துவிடும், போதாக்குறைக்கு லென்ஸின் நிழலும் கீழே விழும்.

ரொறன்ரோப்பனை:

ஊரில் லென்ஸ் விற்கும் விலையைப் பார்க்கும்போது எனக்கு ஒரு கேள்வி எழுகிறது: ஏன் வாங்க வேண்டும்? 18-55 ஐ 18 இல் வைத்து, கமராவை நெட்டையாகத் திருப்பி, ஒன்றின் மேல் ஒன்று மூன்றிலொரு பங்கு படியுமாறு ஐந்தாறு படங்கள் எடுத்து, கணினியில் ஒட்டினால் 10 மி.மீ. ஐ விட அகலமாகவும் கூடுதல் நுணுக்கமாகவும் படம் கிடைக்கும். நான் இங்கே பெரிய கட்டடங்களை அப்படித்தான் எடுக்கிறேன். செலவு எதுவுமில்லை.

சுண்ணக்கல்:

வெளியில் நின்று தூரத்துக் கட்டடத்தை எடுக்க அது நல்ல வழிதான். யாழ் நூலகத்தின் முகப்பைத் தோட்டத்தில் நின்று எடுப்பதற்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் முற்றத்தில் ஒரு தூண் ஒன்றரை மீற்றரிலும் அதன் பின்னாலுள்ள நிலை ஐந்து மீற்றரிலும் இருக்கின்றன. கமராவை முக்காலித் தலையின் மேல் சும்மா திருப்பும்போது லென்ஸின் பார்வை மையம் இடம்பெயர்கிறது. முதற்படத்தில் தூணுக்குப் பின்னால் தெரிந்த கதவுப் பிணைச்சல் அடுத்த படத்தில் மறைந்திருக்கும். மென்பொருள் இரண்டையும் ஒட்டும்போது தூண் முறியும், அல்லது இரட்டிக்கும். இதைத் தவிர்க்கக் கமராவைப் பின்னுக்குத் தள்ளி வைக்கும் தண்டவாளம் ஒன்று வேண்டும், ஒவ்வொரு அறையிலும் அதைச் சரிசெய்ய நேரமும் வேண்டும். ஆவணத்துக்கு எடுக்கும் படத்தில் தூண் இருந்த இடத்திலேயே இருக்க வேண்டும் அல்லவா?

வாடைக்காற்று:

இப்போதைய கைபேசிகளில் 0.5 என்றொரு பொத்தான் உண்டு, அதைவிட அகலமாகவே எடுக்கிறது. அதை ஏன் ஒருவரும் சொல்லவில்லை?

இருட்டறை:

கைபேசியின் சிறு திரையில் நன்றாகத்தான் இருக்கும் தம்பி. பெரிதாக்கி மூலையைப் பாருங்கள். மென்பொருள் இழுத்து நேராக்கிய இடத்தில் ஓடு எது, பாசி எது என்று தெரியாது. பிள்ளை கேட்டது மூலையில் ஓடு எண்ண.

இனி லென்ஸைச் சோதிக்கும் முறைக்கு வருவோம். இணையத்தில் கிடைக்கும் ஆய்வுகள் அந்த மாதிரி லென்ஸ் எப்படிப்பட்டது என்று சொல்லும். பிள்ளையின் கைக்கு வரப்போகும் அந்த ஒரு லென்ஸ் எப்படிப்பட்டது என்று சொல்லமாட்டா. பாவித்த அகலக்கோண லென்ஸில் பார்க்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான். உள்ளே ஒரு கண்ணாடி மயிரிழை சாய்ந்திருந்தாலும் படத்தின் ஒரு பக்கம் மங்கும்.

முதலில் இருட்டில் ரோச் லைற்றை லென்ஸின் பின்புறமிருந்து சாய்வாக அடித்து, முன்புறமிருந்து உள்ளே பாருங்கள். தூசு கொஞ்சம் இருக்கும், பரவாயில்லை. கிளைவிட்ட மெல்லிய நூல்போல ஏதாவது தெரிந்தால் அது பூஞ்சணம். பேசாமல் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். மாரிகாலத்து ஈரத்தில் அலுமாரிக்குள் தோல்பையோடு கிடந்த லென்ஸ்கள் இங்கே அப்படித்தான் பழுதாகின்றன. குவியவளையம் மின்சாரத்தால் இயங்குவது. கமராவில் பூட்டாத நிலையில் அது சும்மா சுற்றினால் பழுது என்று எண்ண வேண்டாம்.

அடுத்து, பூசாத சீமெந்துக்கல் மதில் ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். படத்தின் நடுவிலும் நான்கு மூலைகளிலும் விழுமாறு பழைய பத்திரிகைத் தாள்களை ஒட்டுங்கள்; சிறிய எழுத்துள்ள பக்கங்கள், மரண அறிவித்தல் பக்கமென்றால் மிக நன்று. கமராவை முக்காலியில் மதிலுக்கு இணையாக நிறுத்தி, அதிர்வுத் தடுப்பை நிறுத்திவிட்டு, பின்திரையில் பத்து மடங்கு பெருப்பித்து நடுவில் குவியுங்கள். இரண்டு செக்கன் தாமதத்தில் 10, 12, 14, 18 ஆகிய நான்கு இடங்களிலும், முழுத் திறப்பிலும் (ஆகக் குறைந்த எஃப் எண்) எஃப் 5.6, 8, 11 ஆகியவற்றிலும் எடுங்கள். எஃப் 16 வேண்டாம்; துவாரம் அவ்வளவு சிறிதானால் எல்லா லென்ஸும் மங்கும்.

மதிலோடு நிறுத்திவிடக் கூடாது. பண்ணைப் பாலத்தில் நின்று, தூரத்துக் கரையிலுள்ள பனை வரிசையை ஒருமுறை இடது ஓரத்திலும் ஒருமுறை வலது ஓரத்திலும் பிறகு மூலைகளிலும் வைத்து எடுத்து ஒப்பிடுங்கள். கிட்டத்தில் நன்றாக இருந்து தூரத்தில் சறுக்கும் லென்ஸ்களும் உண்டு. காற்றில்லாத விடியற்காலையில் போவது நல்லது, இல்லாவிட்டால் பனையோலை ஆடுவதை லென்ஸின் தலையில் கட்டிவிடுவீர்கள்.

முற்றத்துவெயில்:

ஐயா சொன்னபடியே செய்தேன். பூஞ்சணம் இல்லை, தானியங்கிக் குவியமும் அதிர்வுத் தடுப்பும் சத்தமின்றி வேலை செய்கின்றன. மதில் படங்களில் ஒரு பிரச்சினை தெரிகிறது. 10 மி.மீ. இல் முழுத் திறப்பில் வலது மூலைகள் இரண்டிலும் பத்திரிகை எழுத்தை வாசிக்க முடிகிறது. இடது மூலைகளில் தலைப்பு மட்டுமே தெரிகிறது, கீழேயுள்ள சிறிய எழுத்து சாம்பல் நிறப் பட்டையாகிவிட்டது. எஃப் 8 இல் நிலைமை நன்றாகத் தேறுகிறது, ஆனால் இடமும் வலமும் சமம் என்று சொல்ல மாட்டேன். 12 மி.மீ. இல் எஃப் 8 இல் எனக்கு வேறுபாடே தெரியவில்லை. கமரா மதிலுக்கு முழு இணையாக இல்லாததால் இப்படி நடக்குமா?

சுண்ணக்கல்:

நடக்கலாம், அதை உறுதிசெய்ய எளிய வழி இருக்கிறது. கமராவைத் தலைகீழாகத் திருப்பி, அதே இடத்திலிருந்து அதே மதிலை மீண்டும் எடுங்கள். மதிலின் அதே பத்திரிகைத் தாள்கள் மறுபடியும் மங்கலாக வந்தால் தவறு கமராவை நிறுத்திய கோணத்தில். மங்கல் மதிலின் மற்றப் பக்கத்துத் தாள்களுக்கு மாறினால் தவறு லென்ஸுக்குள்.

முற்றத்துவெயில்:

மாறிவிட்டது. இப்போது மற்றப் பக்கத்துத் தாள்கள்தான் மங்கல். பண்ணையில் எடுத்த படங்களும் அதையே சொல்கின்றன: 10 மி.மீ. இல் இடது ஓரத்துப் பனைகளின் ஓலை பிரிந்து தெரியவில்லை.

தேர்வடம்:

அப்படியென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். கண்ணாடி சாய்ந்த லென்ஸைத் தெரிந்துகொண்டே வாங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை. பொறுத்திருந்தால் வேறொன்று வரும், கொழும்பில் விசாரித்தாலும் கிடைக்கும்.

ஒரு எச்சரிக்கை: தேடும்போது அதே 10-18 என்ற எண்களுடன் 2023 இல் வந்த ஆர்எஃப்-எஸ் லென்ஸும் கண்ணில் படும். அது கண்ணாடிப்பெட்டி இல்லாத (மிரர்லெஸ்) புதிய கமராக்களுக்கானது, 750டி இல் பூட்ட முடியாது. மறுபக்கமாக, உங்கள் ஈஎஃப்-எஸ் லென்ஸை இணைப்பி ஒன்றின் உதவியுடன் அந்தப் புதிய கமராக்களில் பாவிக்கலாம்.

இருட்டறை:

புதிதாகக் கடையில் முழு விலைக்கு வாங்கியிருந்தால் நானும் திருப்பிக் கொடு என்றுதான் சொல்வேன். பாவித்த லென்ஸில் கேட்க வேண்டிய கேள்வி வேறு: இந்தக் குறை நான் எடுக்கும் படத்தில் எங்கே விழும்? பிள்ளை முழுத் திறப்பில் எடுக்கப்போவதில்லை. 10 மி.மீ. இல் எஃப் 8 இல் கொஞ்சம், 12 இல் எதுவுமில்லை. 12 மி.மீ. இல் இன்னமும் கிடைக்கோணம் 86 பாகை உண்டு, பீப்பாய் வளைவும் குறைவு. பெரும்பாலான முற்றங்களுக்கு அது போதும். சோதனைப் படங்களை விற்பவருக்குக் காட்டி விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். காட்டிக் கேட்டால் மறுக்க மாட்டார்கள்.

ஆனால் ஒன்று, தூரத்துக் காட்சியும் விரிந்த கடற்கரையும் எடுப்பதுதான் நோக்கம் என்றிருந்தால் தேர்வடம் தம்பியின் பக்கம் நின்றிருப்பேன்.

வாடைக்காற்று:

எஃப் 8 இல் எங்கே குவிப்பது என்றும் சொல்லுங்கள் ஐயா. இந்த லென்ஸில் தூர அளவுகோல் இல்லையே.

சுண்ணக்கல்:

நான் சொல்லிவிடுகிறேன். 10 மி.மீ. இல் எஃப் 8 இல் கணக்குப்படி 70 சென்ரிமீற்றரில் குவித்தால் 35 சென்ரிமீற்றரிலிருந்து கண்ணுக்கெட்டிய தூரம் வரை தெளிவு கிடைக்க வேண்டும். ஆனால் அந்தக் கணக்கு முழுப்படத்தைக் கைதூரத்தில் வைத்துப் பார்ப்பவருக்கானது. ஓடு எண்ணுபவருக்குத் தூரம் மங்கலாகத் தோன்றும். ஒன்றரை மீற்றரிலுள்ள தூணொன்றின் விளிம்பில், பின்திரையைப் பெருப்பித்துக் குவித்துவிட்டு, லென்ஸின் பொத்தானைக் கைமுறைக்கு மாற்றிவிடுங்கள். பிறகு அந்த முற்றத்தை விட்டு வெளியேறும்வரை குவியத்தைத் தொட வேண்டியதில்லை.

தங்கச்சிக்கு இன்னொரு யோசனை. சங்கடப்படலையையும் உயரமான முகப்பையும் நெட்டையாக எடுக்கும்போது கமராவின் கைப்பிடி மேலே வருமாறு திருப்புங்கள். அப்போது படத்தின் இடது ஓரம் கீழே போய்விடும். சமமட்டத்தில் வைத்து எடுக்கும் படத்தில் கீழ்ப்பாதி நிலம், அதை எப்படியும் வெட்டத்தான் போகிறீர்கள். லென்ஸின் மங்கலான பக்கம் அந்த வெட்டோடு போய்விடும்; கூரையும் முகடும் நல்ல பக்கத்தில் விழும். பெரும்பாலான முக்காலித் தலைகள் இடப்பக்கமாகவே சாய்வதால் கைப்பிடி தானாகவே மேலே வரும்.

முற்றத்துவெயில்:

விற்பவரிடம் படங்களைக் காட்டினேன். அவர் தாமாகவே விலையைக் குறைத்தார், லென்ஸை எடுத்துக்கொண்டேன். கைப்பிடி மேலிருக்குமாறு திருப்பி எடுத்த படலைப் படத்தை வெட்டிய பின் பெருப்பித்துப் பார்த்தேன்: முகட்டு ஓடுகளை ஒவ்வொன்றாக எண்ண முடிகிறது. முற்றங்களை 12 இலும், இடம் போதாத இடங்களில் மட்டும் 10 இலும் எடுக்கிறேன். 10 இல் எடுக்கும்போது வெறும் சுவர் இடப்பக்கம் வருமாறு நிற்கிறேன்.

மாரி தொடங்குமுன் இதை எப்படிப் பாதுகாத்து வைப்பது என்று ஐயா சொன்னால் நன்று.

இருட்டறை:

தோல்பையில் வைக்க வேண்டாம். காற்றுப் புகாத மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டி, உள்ளே சிலிக்கா ஜெல், அது நிறம் மாறினால் காயவைத்துத் திரும்பப் போடுங்கள். தீவுப்பகுதிக்குப் போய்வந்த நாளில் பெட்டிக்குள் வைக்குமுன், மெல்லிதாக ஈரமாக்கிய துணியால் லென்ஸின் உடலைத் துடையுங்கள், உப்புக்காற்று பிளாஸ்ரிக்கில் ஒட்டியிருக்கும். பின்புறத்துத் தங்கநிற மின்தொடுகைகளை மட்டும் உலர்ந்த துணியால் துடைத்தால் போதும்.